சீனத்தின் மஞ்சள் மது

அரிசி என்றதும் நம் நினைவுக்கு வருவன சோறும் இட்லியும்தாம். அதே அரிசியிலிருந்து சீன மக்கள் நெடுங்காலமாக ஒரு மதுவை ஆக்கி வருகின்றனர். அதன் நிறம் பற்றி 'ஹுவாங்ஜியு', அதாவது 'மஞ்சள் மது' என்று பெயரிட்டனர். ஹெனான் மாநிலத்தில் ஜியாஹு என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையான மட்பாண்டங்களில், அரிசியும் தேனும் பழமும் சேர்ந்து புளித்த பானத்தின் எச்சம் இருந்ததென 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இன்று இவ்வகை மதுவுக்குப் பெயர் பெற்ற ஊர் செஜியாங் மாநிலத்திலுள்ள ஷாவ்சிங் நகரம்.

மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நுண்ணுயிர் என்ற சொல்லே தோன்றாத காலத்தில், அவற்றைக் கட்டி மேய்த்த எளிய மக்களின் அறிவை எடுத்துக்காட்டுவதே நோக்கமாகும்.

பூஞ்சையும் ஈஸ்டும்

பழச்சாற்றிலும் பதநீரிலும் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அதை நேரே ஆல்கஹாலாக மாற்றிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள் அது. அச்சங்கிலியை அறுக்கும் ஆற்றல் மது ஆக்கும் ஈஸ்டுக்கு இல்லை. ஆகவே வேறொன்று முதலில் அதை அறுத்துக் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பியர் பீர் காய்ச்சும்போது முளைவிட்ட பார்லியிலுள்ள நொதிகள் அவ்வேலையைச் செய்கின்றன. முதலில் சர்க்கரை, பிறகு ஆல்கஹால் என இரு படிகளாக அது நடக்கிறது. சீனர் கண்ட வழி வேறு. அவர்கள் பூஞ்சையைத் துணைக்கு அழைத்தனர். பூஞ்சை சுரக்கும் நொதி மாவுச்சத்தை உடைக்க, உடைந்த சர்க்கரையை ஈஸ்ட் உடனுக்குடன் ஆல்கஹாலாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே சாடியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. சர்க்கரை ஒரேயடியாகத் தேங்கி ஈஸ்டை முடக்குவதில்லை. அதனால்தான் பீரில் பெரும்பாலும் 5 விழுக்காடு அளவில் நிற்கும் ஆல்கஹால், வாலையில் வடிக்காமலேயே இம்மதுவில் 15 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

இந்தப் பூஞ்சை வளர்ந்த தானியக் கட்டிக்குச் 'சியூ' என்று பெயர். உடைத்த கோதுமையை நனைத்து, கட்டியாக அழுத்தி, மூடிய அறையில் அடுக்கிவைத்தால் அதன்மேல் பூஞ்சை படரும். இதனுடன் அரிசி மாவும் ஒருவகை மூலிகையும் கலந்து பிடித்த சிறு உருண்டைகளும் உண்டு. நன்றாக வேலை செய்த பழைய உருண்டையின் பொடியைப் புதிய உருண்டைகளின்மேல் தூவுவர். விதைநெல் எடுத்து வைப்பதைப் போல நல்ல நுண்ணுயிர் இனம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. சியூ செய்யும் முறைகளை 6ஆம் நூற்றாண்டிலேயே ஜியா சிசியே என்பவர் தம் வேளாண்மை நூலில் விரிவாக எழுதிவைத்துள்ளார்.

குளிர்காலத் தொழில்

நவம்பர்த் தொடக்கம் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை ஷாவ்சிங்கில் மது ஆக்கும் பருவம். குளிரில் கெடுக்கும் பாக்டீரியாக்கள் அடங்கியிருக்கும். பசையரிசியைப் பழைய முறைப்படி இரண்டு வாரத்திற்கும் மேலாக ஊறவைப்பர். ஊறிய நீர் லாக்டிக் அமிலத்தால் புளிப்பேறும். அப்புளிப்பும் கெடுக்கும் கிருமிகளுக்குப் பகையே. பின் அரிசியை ஆவியில் வேகவைத்து ஆற்றி, ஜியான் ஏரி நீர், சியூ, முன்பே புளித்த கலவை ஆகியவற்றுடன் பெரிய சாடியில் இடுவர்.

இனித்தான் ஆசானின் திறமை தேவைப்படுகிறது. புளிக்கும் கலவை தானே சூடேறும். அளவு மீறினால் ஈஸ்ட் நலிந்து மது புளித்துப்போகும். உரிய நேரத்தில் மரத்துடுப்பால் கிளறினால் சூடு தணியும், கரியமில வாயு வெளியேறும், காற்று உட்புகும். அந்த உரிய நேரம் எது? ஆசான் கையை விட்டுப் பார்ப்பார், நாவில் இட்டுச் சுவைப்பார், சாடியில் காது வைத்துக் குமிழிகளின் ஓசையைக் கேட்பார். மூடியைத் திறந்ததும் எழும் மணத்தைக் கொண்டே மாவின் பக்குவத்தைச் சொல்லிவிடும், எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியின் நினைவு இதைப் படித்தபோது எனக்கு வந்தது.

ஏறத்தாழ மூன்று மாதங்கள் மெல்லப் புளித்த கலவையைப் பிழிந்து, தெளியவைத்து, சூடாக்கி, மண்சாடிகளில் நிரப்புவர். தாமரை இலையால் வாய்மூடி, மேலே களிமண் பூசி, ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவர். மதுவைச் சூடாக்கிக் காக்கும் முறையை 12ஆம் நூற்றாண்டில் ஜூ கோங் என்பார் எழுதிய நூல் கூறுகிறது. பாஸ்டர் திராட்சை மதுவைச் சூடாக்கி ஆராய்ந்தது 1860களில்தான்.

சுவைக்கும் முறை

சர்க்கரை அளவைக் கொண்டு இம்மது நான்கு வகைப்படும். லிட்டருக்கு 15 கிராமுக்கு மிகாமல் சர்க்கரை உள்ளது இனிப்பற்ற வகை, 100 கிராமுக்கு மேற்பட்டது இனிப்பு வகை, இடைப்பட்டவை இரண்டு. குளிர்நாளில் மதுக்கலத்தை வெந்நீரில் இறக்கி, இளஞ்சூடாக்கிச் சிறு கிண்ணங்களில் ஊற்றுவர். சூட்டில் மணம் எழும். கொதிக்கவிட்டால் மணமும் ஆல்கஹாலும் பறந்துவிடும். மடமடவென்று குடிப்பதற்குரியதன்று இது. இலையுதிர் காலத்தில் அவித்த நண்டும் இஞ்சியும் இதற்கு இணையாக அமையும். சமையலிலும் இதற்கு இடமுண்டு. மீனின் கவிச்சியைப் போக்கவும், இறைச்சியை ஊறவைக்கவும் ஷாவ்சிங் மது பயன்படுகிறது.

பெண் பிறந்ததும் சாடிகளை மண்ணில் புதைத்து, அவள் திருமணத்தன்று தோண்டியெடுத்துப் பரிமாறும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது. அவ்வூரில் பிறந்த எழுத்தாளர் லூ சுன் எழுதி 1919இல் வெளிவந்த 'கோங் யீஜி' என்ற கதையில், தேர்வில் தேறாத ஒருவன் படித்தவர்க்குரிய நீள அங்கியோடு மதுக்கடையில் நின்றபடி சூடான மது அருந்துகிறான். ஓர் எழுத்தை நான்கு விதமாக எழுதத் தெரிந்த அவனுக்குப் பிழைக்கும் வழி தெரியவில்லை!

இவற்றையெல்லாம் அறிவது வேறு, குடிப்பழக்கம் வேறு. மதுவில் கேடற்ற அளவென்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் எடுத்துரைத்தது.

கற்க வேண்டியது

பிரெஞ்சு அறிஞர் ஆல்பர்ட் கால்மெட், காசநோய்த் தடுப்பூசியால் நாம் அறிந்தவர். வியட்நாமின் சைகோன் நகர்ப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய அவர், அங்கு அரிசி மது ஆக்கப் பயன்பட்ட சீன உருண்டைகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்த பூஞ்சையை 1892இல் விவரித்தார். பின்னர் ஐரோப்பிய ஆலைகளில் தானியத்திலிருந்து ஆல்கஹால் எடுக்க அவ்வழி பயன்பட்டது. உருண்டை பிடித்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆய்வுக்கூடம் 'ஏன்' என்பதைச் சொல்கிறது. 'எப்படி' என்பதை அதற்கு முன்னரே பல கைகள் அறிந்திருந்தன. பட்டம் பெறப் போகும் நாம், பட்டம் பெறாதவர் கைத்தொழிலைக் காணும்போது, அதில் என்ன அறிவியல் உண்டென்று கேட்கும் பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டும்.