கூட யாரும் வரலியா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அரசாங்கம் கொடுத்த பொருள்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது, அப்பாவின் பாக்கெட் மிஷின். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஓடும் ஒரு வயர். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஏதோ ஒரு முகாமில் கொடுத்தார்கள். அப்பா கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை. இரண்டாவது, அம்மாவின் தையல் மிஷின். நானும் தம்பியும் படித்ததெல்லாம் அதில் தைத்த ஜாக்கெட் கூலியில்தான். மூன்றாவது, செல்போன். சுயதொழில் செய்கிறவர் என்ற கணக்கில் அம்மா பெயருக்குக் கிடைத்தது. இருப்பது எப்போதும் அப்பா கையில்.

இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இருவரும் படித்தது 1897-இல் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் எங்கள் ஊரில் தொடங்கிய பள்ளியில். கல்யாணமும் அந்தப் பழக்கத்தில் அமைந்ததுதான். நானும் தம்பியும் காது கேட்கும் பிள்ளைகள். எங்கள் வீட்டில் சண்டைகூட சைகையில்தான் நடக்கும். கோபம் வந்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்க்காவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்குக் கன்னத்தில் மச்சம் இருப்பதால், அந்த இடத்தைச் சுட்டுவிரலால் தொட்டால் அதுதான் நான். ஊர் முழுக்க அப்பாவின் சிநேகிதர்களுக்கு என் நிஜப்பெயர் தெரியாது.

பாக்கெட் மிஷின் ஏன் பீரோவுக்குப் போனது என்று பலர் கேட்பார்கள். காது மிஷின் மூக்குக் கண்ணாடி மாதிரி, மாட்டினால் தெளிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மிஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். உட்காதில் காக்ளியா என்ற பகுதிக்குள் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்பு புரிந்துகொள்ளும் மின்குறிப்பாக மாற்றுவது அவைதான். அந்தச் செல்கள் அறவே பழுதானவருக்கு எவ்வளவு பெரிய சத்தத்தை உள்ளே அனுப்பினாலும் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். ஓரளவு கேள்வி மிச்சமிருப்பவருக்கு அதே மிஷின் பெரிய உதவி. மத்திய அரசின் ஏடிப் திட்டத்தில் 1981 முதல் இப்படி உபகரணங்கள் தருகிறார்கள். 60 வயது கடந்த ஏழைகளுக்கு 2017-இல் வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மிஷின் உண்டு.

செல்போன் கதை வேறு. காது கேட்காதவருக்கு போன் எதற்கு என்று அதைக் கொடுத்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா வீடியோ காலில் போட்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, இரண்டு கையும் விடுதலையாகி, தூத்துக்குடியில் இருக்கும் பழைய வகுப்புத் தோழரோடு மணிக்கணக்கில் பேசுகிறார். அரசாங்கம் கொடுத்ததிலேயே உருப்படியானது எது என்று என்னைக் கேட்டால் இந்த போனைத்தான் சொல்வேன். தையல் மிஷின் அடுத்து.

நான் சிறப்பாசிரியை, தொகுப்பூதியம். காது கேளாத சிறு பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் ஒன்றைத் தயங்காமல் சொல்ல முடியும்: இன்று பிறக்கும் குழந்தைக்கு என் பெற்றோருக்குக் கிடைக்காத வாசல்கள் திறந்திருக்கின்றன. பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது மிஷின் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. குழந்தை தூங்கும்போதே காதில் சின்ன முனையை வைத்து ஓஏஇ சோதனை செய்துவிடலாம். சந்தேகம் இருந்தால், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை அடுத்து. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டம்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு வந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். பல லட்ச ரூபாய் ஆகும் சிகிச்சை அது. கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளை "அம்மா" என்று வாய் திறந்து கூப்பிடுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தத் திட்டத்தை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் ஆபரேஷன் என்பது தொடக்கம்தான். காயம் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி 'ஸ்விட்ச் ஆன்' செய்வார்கள். அதற்குப் பின் பிள்ளைக்குப் பிள்ளை ஒலி அளவைச் சரிசெய்யும் 'மேப்பிங்', வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. சாதாரண மிஷின் போட்ட பிள்ளைக்கும் இதே கதைதான். காது வளர வளர, காதில் பொருந்தும் மோல்டு தளர்ந்துவிடும். தளர்ந்தால் கீச்சென்று விசில் அடிக்கும், பிள்ளை பிடுங்கி எறியும். அப்புறம் பேட்டரி. காதுக்குப் பின்னால் மாட்டும் சக்தி வாய்ந்த மிஷினுக்கு 675 என்ற அளவு, நீல ஸ்டிக்கர். இது காற்று பட்டால் வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்த பிறகுதான் மிஷினில் போட வேண்டும். உரித்துவிட்டால் மறுபடி ஒட்டி நிறுத்த முடியாது, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். இதை ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் பேட்டரி காசை மிச்சம் பிடிக்க, பயிற்சி மையத்தை விட்டு வெளியே போனதும் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் சமைத்துக்கொண்டே, குளிப்பாட்டிக்கொண்டே அம்மா பேசும் பேச்சுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம். அந்த நேரத்தில்தான் மிஷின் பையில் கிடக்கிறது.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு, என் துறைக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. இம்பிளான்ட் வைத்த பிள்ளையிடம் சைகை காட்டாதே, காட்டினால் பேச்சு வராது என்று பெற்றோரை மிரட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. இது 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு விட்டுப்போன பழக்கம். காது கேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சுதான் உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று காது கேட்கிறவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டது. நம்மூர் வகுப்பறைக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போல. இம்பிளான்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. பலிக்காத பிள்ளைக்கு சைகையும் இல்லை என்று செய்துவிட்டால் அதற்கு மொழியே இல்லாமல் போய்விடும்.

சரி, பிள்ளைகளை விடுங்கள். வளர்ந்தவர்கள்?

அப்பா அம்மா போன்றவர்களுக்கு எந்த அலுவலகத்தின் வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கூட யாரும் வரலியா?" தாலுகா ஆபீஸ், வங்கி, ஆஸ்பத்திரி, காவல் நிலையம், எங்கும். அந்த 'யாரோ' பெரும்பாலும் பெற்ற பிள்ளைதான். நான் அரை டிரவுசர் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கார்டு விசாரணைக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எழுதிக் காட்டலாமே என்பார்கள். காதால் தமிழைக் கேட்டு வளராதவருக்கு எழுத்துத் தமிழ் வேற்றுமொழி மாதிரிதான். வினைக்குப் பின்னால் நாம் ஒட்டும் வால்களையெல்லாம் நாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதில் விழுந்து வந்தவை. அப்பாவுக்கு ஒருமுறை அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். உறையில் "காலை வெறும் வயிற்றில்" என்று எழுதியிருந்தது. 'காலை', 'வயிறு' இரண்டும் அவருக்குத் தெரியும். நடுவில் இருப்பது தெரியவில்லை. காலையில் வயிறு வலித்தால் போட வேண்டிய மாத்திரை என்று எடுத்துக்கொண்டார். வலிக்காத நாளில் போடவில்லை. மருந்து கொடுத்தவர் தன் கடமையைச் செய்துவிட்டார், எழுதித் தந்துவிட்டாரே.

அதைவிட மோசமானது அம்மாவின் விஷயம். கர்ப்பப்பையில் கோளாறு, ரத்தப்போக்கு. நான் அப்போது வெளியூரில் இருந்தேன். பத்தாவது படிக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உங்க அம்மாகிட்ட கேளுப்பா, எத்தனை நாள் போகுது, கட்டி கட்டியாப் போகுதான்னு." பையன் சுவரைப் பார்த்தான். அம்மா என்ன கேட்கிறார்கள் என்று அவனைக் கேட்டாள். அவன் கையைத் தூக்கவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது. 'ஒன்றுமில்லை' என்று டாக்டரிடம் கையை விரித்துக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நான் ஊருக்குத் திரும்பி இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப்போகும்வரை வைத்தியம் தள்ளிப்போனது.

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தப் பணியிடமே அங்கு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் செவித்திறன் குறை. எல்லோருக்கும் சைகை தேவைப்படாது, வயதாகிக் கேள்வி மங்கியவர்கள் அதில் நிறைய. ஆனால் சைகையே மொழியாக வாழ்கிறவர்களுக்கு காது மிஷினோ தையல் மிஷினோ இந்த இடத்தில் உதவாது. ஒரு மனிதர்தான் வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்றால் அதில் சைகை மொழியும் அடக்கம் என்கிறது. ஆசிரியர்களுக்கு சைகை மொழி கற்பிக்கச் சொல்கிறது. 2013-இல் சாட்சியச் சட்டத்தில் செய்த திருத்தம் இன்னும் கண்டிப்பானது, 2024-இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடுதான் நீதிமன்றம் பதிவு செய்ய வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் நானே போய் நின்றிருக்கிறேன். ஆளைத் தேடித்தான் வாய்தா வாய்தாவாக வழக்கு தள்ளிப்போகிறது.

ஆள் தயாராவதற்கும் வழி இருக்கிறது. டெல்லியில் 2015-இல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்புக்கு இரண்டு வருட டிப்ளமோ உண்டு, மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் உண்டு. பத்தாயிரம் சொற்கள் கொண்ட சைகை அகராதி 2021-இல் வந்துவிட்டது. படித்து முடித்தவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதுதான் கேள்வி. சைகை மொழி தினமான செப்டம்பர் 23 அன்று சைகையில் மொழிபெயர்க்கத் தெரிந்த எங்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதிகாரிகள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார்கள், காது கேளாதோர் கைதட்டும் முறை அது. படம் நன்றாக வரும். மறுநாள் எங்களில் பலருக்கு வேலை கிடையாது.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் முன்னால் காணொலி வழியே ஆஜரானார். சௌரவ் ராய்சௌத்ரி என்ற மொழிபெயர்ப்பாளர் திரையில் இருந்தபடி நீதிமன்றத்தில் பேசியதையெல்லாம் அவருக்குச் சைகையில் சொன்னார். அடுத்து நீதிமன்றமே தன் பொறுப்பில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. நான் பார்த்தது வேறொன்று: மொழிபெயர்ப்பாளர் அதே அறையில் இருக்கத் தேவையே இல்லை. ஒரு டேப்லெட் போதும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் உள்ள பெரிய அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகள் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு டேப்லெட், ஒரு மையத்தில் முறை வைத்து உட்கார்ந்திருக்கும் சம்பளக்கார மொழிபெயர்ப்பாளர்கள் சிலர். பெண் நோயாளிக்குப் பெண். கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர். ஒரே ஒரு காக்ளியர் இம்பிளான்ட்டுக்கு ஆகும் லட்சங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவா?

அதுவரை, கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் சில வார்த்தை. கத்தாதீர்கள், கத்தினால் வாயசைவு கோணுமே தவிரக் கேட்காது. மாஸ்க்கைக் கழற்றி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். மாத்திரை உறையில் எழுதுவதோடு நிற்காமல், சாப்பாட்டுத் தட்டைப் படமாகப் போட்டு அதற்கு முன்னா பின்னா என்று அம்புக்குறி போடுங்கள். கூட வந்திருப்பது சின்னப் பிள்ளை என்றால் நோயைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள். கேள்வியை நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்களில் உங்கள் தெருவில் காது கேளாதவர் யாராவது இருந்தால், மனுவில் மிஷின் கேட்பதோடு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மனு எழுத நீங்களே உதவினாலும் சரி.