அதிகாரம் இல்லாத காவல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் ஐந்து முகாம் திடல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியது மொரெய்ன் பார்க். கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேலே, பைன் மரங்களை ஒட்டி, இருநூறுக்கும் அதிகமான இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூடாரமோ வீட்டு வண்டியோ, ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். கோடை வந்தால் ஒரு சிற்றூர் அளவுக்கு ஜனம் சேர்ந்துவிடும். ஆனால் ஓர் ஊரைக் கட்டிக்காக்கும் பழக்கமோ பரிச்சயமோ இந்தக் கூட்டத்துக்குக் கிடையாது. அடுத்த கூடாரத்தில் படுத்திருப்பவர் யாரென்று தெரியாது. இரண்டு நாளில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், அந்த இடத்தில் வேறு முகங்கள் வரும். இப்படிப்பட்ட திடல்களில் கோடை முழுக்க நிலையாகத் தங்கியிருப்பவர் ‘கேம்ப் ஹோஸ்ட்’ எனப்படும் தன்னார்வலர். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். சம்பளம் இல்லை. தங்கள் வீட்டு வண்டியை நிறுத்திக்கொள்ள இடமும் தண்ணீரும் மின் இணைப்பும் இலவசம். பதிலுக்கு வாரத்தில் 20, 30 மணி நேரம் வேலை: வந்தவர்களுக்கு வழி சொல்வது, விதிகளை விளக்குவது, காலியான இடங்களில் சாம்பலை அள்ளுவது, இரவில் ஒரு சுற்று நடந்துவருவது, தவறு கண்டால் பூங்காவின் அதிகாரமுள்ள காவலரான ரேஞ்சருக்கு இருவழி வானொலியில் தகவல் தருவது.

சம்பளமில்லாமல் உழைப்பதால்தான் இவர்கள் பாராட்டப்படுகிறார்கள். அதே காரணத்துக்காகவே இந்த முறையின்மேல் குறையும் சொல்லப்படுகிறது. பாராட்டுபவர்களுக்கு அது தியாகம், குறை சொல்பவர்களுக்குச் சுரண்டல். இரு தரப்பும் ஊதியத்தைப் பற்றியே பேசுவதால், ஹோஸ்ட் அங்கே என்ன சாதிக்கிறார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அவருடைய பயன் இலவசமாக உழைப்பதில் இல்லை. அங்கேயே குடியிருப்பதில் இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத, ஆனால் எப்போதும் கண்ணில் படுகிற ஒருவர் செய்யக்கூடிய காவலை ரோந்து வருகிற காவலரால் செய்ய முடியாது. அந்தக் காவல் பலிக்க வேண்டுமானால், அவருக்குப் பின்னால் முழு அளவில் இயங்கும் ஓர் அரசுத் துறை நிற்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் கொண்டாடுவதுதான் இன்றைய ஆபத்து.

சட்டம் போட்ட கோடு

அமெரிக்க அரசு இலவச உழைப்பைச் சந்தேகத்தோடு பார்த்த வரலாறு பழையது. அரசுத் துறைகள் தன்னார்வச் சேவையை ஏற்கக் கூடாதென்று 1884ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தடை விதித்தது. முதலில் இலவசம் என்று வேலை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கான கூலியைக் கொடுத்தாக வேண்டுமென்று நாடாளுமன்றத்திடம் வந்து நின்ற துறைகளின் வழக்கமே அதற்குக் காரணம். தேசியப் பூங்காத் துறைக்கு அந்தத் தடையிலிருந்து விலக்குத் தர ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 1970 ஜூலையில் கையெழுத்தான பூங்காத் தன்னார்வலர் சட்டம் அந்த வாசலைத் திறந்தது. கூடவே சில கோடுகளையும் போட்டது. தன்னார்வலரைச் சட்ட அமலாக்க வேலைக்கும், கொள்கை வகுக்கும் வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது. தனித் தேர்ச்சி உள்ளவர்களைத் தவிர மற்றவர்களை ஆபத்தான பணியில் இறக்கக் கூடாது. எந்த ஊழியரையும் நீக்கிவிட்டு அந்த இடத்தை அவரைக் கொண்டு நிரப்பக் கூடாது. பணியின்போது காயம்பட்டால் அரசு ஊழியருக்கு உரிய இழப்பீடு அவருக்கும் உண்டு. 2019இல் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தச் சட்டத்தின்கீழ்ப் பூங்காக்களில் பணியாற்றியிருக்கிறார்கள். ஹோஸ்ட்டின் கையில் அபராதச் சீட்டு இல்லாதது தற்செயல் அல்ல. தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அபராதச் சீட்டு இல்லாதவரால் என்ன பயன் என்பதற்கு நெருப்பு ஒரு பதில். 2012 அக்டோபரில் இதே பூங்காவின் ஃபெர்ன் ஏரிப் பக்கம் யாரோ விதிமீறி மூட்டிய ஒரு முகாம் நெருப்பு அணையாமல் காட்டுக்குள் பரவியது. நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த இலைச் சருகுக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்று, டிசம்பர் தொடக்கத்தில் பெருங்காற்று அடித்த ஓர் இரவில் மொரெய்ன் பார்க் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. சுமார் 3,500 ஏக்கர் எரிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில், மேற்கே மூண்ட ஈஸ்ட் டிரபிள்சம் தீ கண்டத்தின் முதுகெலும்பான மலைத்தொடரையே தாண்டி இந்தப் பக்கம் வந்தது. மொத்தம் 1,90,000 ஏக்கருக்கு மேல் சாம்பல். வேட்டைக்கோ முகாமுக்கோ வந்த யாரோ ஒருவரால் தவறுதலாக மூண்டிருக்கக்கூடும் என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இரண்டு தீயும் ஹோஸ்ட் இருக்கும் திடலில் தொடங்கியவை அல்ல. ஆளில்லாத உள்காட்டில் தொடங்கியவை. கண்காணிக்க அருகில் யாரும் இல்லாத இடத்தில் ஒரு சிறு நெருப்பு என்ன ஆகும் என்பதற்கு அவை சாட்சி. நெருப்பை அணைப்பதற்கான முறை எளிது: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, கையை அருகே வைத்துச் சூடு இல்லையென்று உறுதி செய். இதைச் செய்யாமல் படுக்கப் போகிறவர் பெரும்பாலும் கெட்டவர் அல்லர். களைத்தவர், அல்லது தெரியாதவர். தெரியாதவரை ரேஞ்சர் கண்டுபிடிக்கும்போது தவறு நடந்து முடிந்திருக்கும். இரவு பத்து மணிச் சுற்றில் புகையைப் பார்க்கும் ஹோஸ்ட், ஒரு வாளித் தண்ணீரோடு அந்த வேலையை முடித்துவிடுவார். அதற்கு அதிகாரம் வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்தால் போதும்.

கரடிகள் விஷயத்திலும் இதே கதை. 1967 ஆகஸ்டில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், இரு வேறு இடங்களில், இரு வேறு கிரிஸ்லி கரடிகள் இரண்டு இளம் பெண்களைக் கொன்றன. மனிதர் போட்ட எச்சில் உணவுக்கு அந்தக் கரடிகள் பழகிப்போயிருந்தன. அதன் பிறகுதான் குப்பையையும் உணவையும் பூட்டிவைப்பது பூங்காக்களின் தலையாய விதியாயிற்று. ஆனால் விதி வந்த உடனே பழக்கம் மாறிவிடவில்லை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் 1998ஆம் ஆண்டு மட்டும் கரடிகள் கார்களை உடைத்தும் உணவைப் பறித்தும் 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. சேதம் 6,50,000 டாலருக்கு மேல். மறு ஆண்டிலிருந்து நாடாளுமன்றம் தனி நிதி ஒதுக்கியது. இரும்புப் பெட்டிகள் பெருகின, ஊழியர்கள் கூடினார்கள், வருவோருக்கெல்லாம் ஓயாமல் எடுத்துச் சொல்லப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் சம்பவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தன. இந்த வெற்றியை ஹோஸ்ட்டுகளின் கணக்கில் எழுத முடியாது. பணமும் பணியாளரும் சேர்ந்து கொண்டுவந்த வெற்றி அது. ஆனால் அதன் கடைசிக் கண்ணி எது என்று பார்க்க வேண்டும். பெட்டி இருந்தால் போதாது, பூட்டப்பட வேண்டும். உணவு மட்டுமல்ல, பற்பசையும் சோப்பும்கூட உள்ளே போக வேண்டும். மேசைமேல் மறந்து வைத்த ஒரு பொட்டலம் ஒரு கரடிக்கு ருசி காட்டிவிட்டால், பிறகு அந்தக் கரடியைச் சுட்டுக் கொல்வதில்தான் பல நேரம் முடியும். கோடை முழுக்க, தினமும் மாறும் மக்களிடம், அந்தப் பொட்டலத்தைத் தினமும் சுட்டிக்காட்ட யாராவது அங்கே வசித்தாக வேண்டும்.

பல்லில்லாத காவல் எதற்கு?

முதல் ஆட்சேபம் இங்கிருந்தே கிளம்பும். சொன்னால் கேட்காதவரை ஹோஸ்ட் என்ன செய்வார்? குடித்துவிட்டுக் கூச்சலிடுகிறவர், எல்க் மானை நெருங்கிப் படம் எடுக்கிறவர், தீத் தடை அமலில் இருக்கும்போது விறகைக் கொளுத்துகிறவர், இவர்கள் ஒரு முதியவரின் பேச்சுக்குக் கட்டுப்படுவார்களா? கட்டுப்படாதவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் ரேஞ்சர். ஆனால் விதியை மீறுபவர்களில் விதி தெரியாதவர்களையும் விதியை மதிக்காதவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதல் வகையினரிடம் அபராதத்தோடு போனால் பகை மிஞ்சும். தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் போல ஒருவர் பேசினால் காரியம் முடியும். இரண்டாம் வகையினரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே ஹோஸ்ட் வாதாடாமல் விலகி வானொலியை எடுக்க வேண்டும் என்பதே முறை. அவருடைய மென்மையான சொல்லுக்கு எடை கிடைப்பது, அழைத்தால் வருவதற்கு ஒரு ரேஞ்சர் இருக்கிறார் என்பதால்தான். வர ஆளில்லை என்று தெரிந்துவிட்டால் அந்தச் சொல் வெறும் கெஞ்சல்.

இரண்டாவது ஆட்சேபம் தொழில்நுட்பத்தின் பெயரால் வருவது. இடம் இணையத்தில் பதிவாகிறது, வரைபடம் செயலியில் இருக்கிறது, விதிகள் மின்னஞ்சலில் வருகின்றன; இனி ஆள் எதற்கு? மலைப் பள்ளத்தாக்குகளில் செல்பேசிச் சமிக்ஞை கிடைப்பதே அரிது என்பது எளிய மறுமொழி. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பதிவு எளிதானதால் மலையை முன்பின் அறியாதவர்களும் வருகிறார்கள்; அது நல்லதுதான், பூங்கா எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. கொலராடோவின் உயர்மலைகளில் கோடைப் பிற்பகல்தோறும் இடிமழை திரளும். மரமில்லாத உச்சிகளிலிருந்து நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் பாலபாடம். 2014 ஜூலையில் இந்தப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் சாலையை ஒட்டி, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மின்னல் தாக்கி இருவர் இறந்தார்கள். “நாளைக்கு எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?” என்று முந்தின மாலை யாராவது கேட்டால் அந்தப் பாடம் தானே வந்துசேரும். கேட்காத கேள்விக்கு எந்தச் செயலியும் பதில் சொல்வதில்லை.

இலவசத்தின் விலை

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. இலவச உழைப்பு கிடைக்கும்வரை அரசு ஆள் எடுக்காது என்பது அது. சட்டம் தடுக்கிறதே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலையில் இருப்பவரை நீக்கிவிட்டு ஹோஸ்ட்டை அமர்த்துவதைத்தான் சட்டம் தெளிவாகத் தடுக்கும். ஓய்வு பெற்றவரின் இடத்தைச் சத்தமில்லாமல் காலியாக விட்டு, அந்த வேலையில் ஒரு துண்டை ஹோஸ்ட்டின் பட்டியலில் சேர்ப்பதை யார் தடுப்பது? 2024இல் தேசியப் பூங்காத் துறையின் இடங்களுக்கு 33 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. அடுத்த பிப்ரவரியிலேயே தகுதிகாண் பருவத்தில் இருந்த சுமார் ஆயிரம் பூங்கா ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். பிறகு நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. இந்தச் சூழலில் ‘தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற சொல் வாயில் வருவது வெகு சுலபம்.

அந்தச் சொல் பொய் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து 35 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கியபோது பல பூங்காக்கள் ஆளில்லாமல் திறந்து விடப்பட்டன. கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் சுற்றுவட்டாரத்து மக்கள் தாங்களாகவே வந்து கழிப்பறைகளைக் கழுவினார்கள், குப்பை அள்ளினார்கள். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அப்படியும் மலக்குழிகள் நிரம்பின, வண்டிகள் பாதையை விட்டு விலகிப் பாலைநிலத்தில் புகுந்தன, முகாம் திடல்களை மூட வேண்டியதாயிற்று. கழிவை வெளியேற்ற லாரியும் ஒப்பந்தமும் வேண்டும். விதிமீறலை நிறுத்த அதிகாரம் வேண்டும். துறை இல்லாத இடத்தில் தன்னார்வலர் எவ்வளவு பேர் வந்தாலும் அவர்கள் வெறும் நல்லவர்கள். ஆகவே அந்த ஆட்சேபத்தின் அச்சம் நியாயமானது. ஹோஸ்ட் முறையைக் கைவிட வேண்டும் என்ற அதன் முடிவு மட்டுமே பிழை. ஆள் பற்றாக்குறைக்கு ஹோஸ்ட் மாற்றும் அல்லர், காரணமும் அல்லர். அந்தப் பற்றாக்குறையால் முதலில் பயனிழப்பவர் அவர்தான்.

ஏழ்மையைப் பற்றிய கேள்வியும் உண்டு. ஜெசிகா ப்ரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூல், வீட்டை இழந்து வண்டியில் வாழும் அமெரிக்க முதியவர்களைப் பற்றியது. அவர்களில் சிலர் தேசிய வனங்களில், தனியார் குத்தகையில் இயங்கும் முகாம்களில் மணிக்கூலிக்கு ஹோஸ்ட் வேலை பார்த்தவர்கள். பூங்காத் துறையின் தன்னார்வ முறை அதிலிருந்து வேறுபட்டது. ஆனால் வண்டி நிறுத்த ஓர் இடத்துக்காகவே தன்னார்வலர் ஆகிறவரைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு மெல்லியது. மறுபுறம், சொந்த வண்டியும் ஓய்வூதியமும் இல்லாத ஒருவருக்கு இந்த வாசலே திறப்பதில்லை. இரண்டுக்கும் மருந்து உண்டு. வேலை நேரத்தை எழுத்தில் வரையறுத்து அதற்கு மேல் வாங்காதிருப்பதும், வண்டி இல்லாதவர் தங்கப் பூங்காவே ஒரு குடிலோ டிரெய்லரோ தருவதும். அதற்குப் பணம் செலவாகும். ஆகட்டும், இலவசம் என்ற மயக்கம் தெளிவதற்கு அதுவும் உதவும்.

தன்னார்வலர்களின் மணிநேரங்களைக் கூட்டி, மணிக்கு 30 டாலருக்கு மேல் ஒரு மதிப்புப் போட்டுப் பெருக்கி, ‘இவ்வளவு மிச்சம்’ என்று காட்டுவது அமெரிக்காவில் வழக்கம். கேம்ப் ஹோஸ்ட் விஷயத்தில் இந்தக் கணக்கு இரண்டு முறை தவறுகிறது. அள்ளிய சாம்பலை அது எண்ணுகிறது; மூளாமல் போன தீயை எண்ணுவதில்லை. அதைவிடக் கேடாக, வரவு செலவு போடுகிறவர் கையில் கழிப்பதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ஒரு பூங்கா தன் ஹோஸ்ட்டுகளை மதிக்கிறதா என்பதை அறிய வேறு கேள்வி கேட்க வேண்டும்: இரவு பதினொரு மணிக்கு அவர் வானொலியில் அழைத்தால், சம்பளம் வாங்கும் ஒரு ரேஞ்சர் எத்தனை நிமிடத்தில் வந்து சேருகிறார்? அந்த விடை நீண்டுகொண்டே போகும் பூங்காவில், புதிதாக எத்தனை ஹோஸ்ட்டுகளைச் சேர்த்தாலும் அதைத் தொண்டின் வளர்ச்சி என்று சொல்லக் கூடாது. அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.