சொல்ல முடியாத வீடும் மிரட்டும் காதலும்

பாபநாசத்திலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் நம் பிள்ளைகள் காலைப் பேருந்துகளில் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்க வருகின்றனர். வயலில் உழைத்தும் பீடி சுற்றியும் சேர்த்த பணத்தில் தாமிரபரணிக் கரையின் பெற்றோர் அவர்களைப் படிக்க வைக்கின்றனர். மாலையில் வீடு திரும்பியதும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். "உன்னை யாரேனும் அச்சுறுத்துகிறார்களா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

பருவ வயதில் ஈர்ப்பு தோன்றுவது இயல்பே. அந்தப் பழக்கத்திற்குள் அடியும் மிரட்டலும் இழிசொல்லும் புகுந்துவிடுவதைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம். இது எங்கோ நடப்பதன்று. மணமாகியோ துணையோடு பழகியோ உள்ள வளரிளம் பெண்களில் 24 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர், 20 வயது நிறைவதற்குள் அத்துணையாலேயே உடல்வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் கணித்துள்ளது.

நம் மாநிலமும் இதற்கு விலக்கல்ல. 2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதான இளைஞர் செங்கோட்டைக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். விசாரணை நடைபெறுமுன் அவர் சிறையில் இறந்துவிட்டதால், அவ்வழக்கு தீர்ப்பைக் காணவில்லை. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளப்பட்டு உயிரிழந்தார். தள்ளியவர் அவருக்கு முன்பே அறிமுகமான இளைஞர். அவரே குற்றவாளி என்று 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய செய்திகளை நாளேடுகள் 'ஒருதலைக் காதல்' என்ற தலைப்பில் வெளியிடுகின்றன. மறுத்தவளைத் தொடர்வதும் மிரட்டுவதும் காதலாகுமோ? அந்தச் சொல்லே குற்றத்திற்கு ஒரு மெல்லிய திரையாகி விடுகிறது.

வன்முறைக்கு வழி திறப்பவை

இத்தகைய கொடுமை எங்கே எளிதில் வேர் விடுகிறது என்பதை அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் சுட்டும் காரணிகளை விதி என்று கொள்ளலாகாது. துன்புற்ற பிள்ளையின் மேல் பழி சுமத்தவும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. பள்ளம் இருக்குமிடத்தை முன்கூட்டியே காட்டும் பலகை போன்றவையே அவை.

முதலாவது, வீட்டிலேயே காணும் வன்முறை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்துள்ளனர். தாய் அடிபடுவதைப் பார்த்து வளரும் மகன், கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்று கற்கிறான். மகளோ, பொறுத்துக்கொள்வதே பெண்மை என்று கற்கிறாள். வகுப்பறையில் யாரும் நடத்தாத பாடம் இது.

இரண்டாவது, மதுவும் கூடா நட்பும். மது வெறியை உண்டாக்குகிறது என்பதைவிட, உள்ளிருக்கும் வெறியின் கடிவாளத்தை அவிழ்க்கிறது எனலாம். "உன்னை வேண்டாம் என்றாளா? விடாதே" என்று தூண்டும் நண்பர் கூட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்து கடைசியில் மணக்கும் கதாநாயகனைத் திரையில் பலமுறை கண்டு கைதட்டியவர்கள் நாமும்தான்.

மூன்றாவது, வயது வேற்றுமை. பள்ளி மாணவியும் வருமானமும் மோட்டார் சைக்கிளும் உடைய இளைஞனும் பழகும்போது, முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் மூத்தவர் கையிலேயே தங்கிவிடுகிறது.

நான்காவது, கைபேசி. கடவுச்சொல்லைக் கேட்பதும், எங்கே இருக்கிறாய் என்று ஓயாமல் விசாரிப்பதும், யாரோடு பேசலாம் என்று கட்டளையிடுவதும் தொடக்கத்தில் அக்கறையாகவே தோன்றும். பின்னர், தனிமையில் பெற்ற ஒரு படமே மிரட்டும் ஆயுதமாகிறது. ஆண்பிள்ளைகளும் இவ்வாறு மிரட்டப்படுவதுண்டு என்பதை மறவாதிருப்போம்.

எல்லாவற்றிலும் பெரியது மௌனம்

மேற்கூறியவை அனைத்திற்கும் வலிமை தருவது ஒன்று உண்டு. அதுவே வீட்டில் சொல்ல முடியாத நிலை. "சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள், உடனே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்" என்று அஞ்சும் பெண்ணிடம், "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற ஒரே சொல் போதும். மிரட்டுபவனுக்கு வேறு ஆயுதம் வேண்டியதில்லை; நம் கோபத்தையே அவன் ஆயுதமாக்கிக் கொள்கிறான்.

நெல்லைச் சீமையில் இவ்வச்சத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் சகோதரர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சாதி வேற்றுமையே காரணம் என்பது குற்றச்சாட்டு. இத்தகைய செய்தியைக் கேட்ட பெண், தன்னோடு பழகுபவன் தன்னை அடிக்கிறான் என்பதை எந்த வாயால் வீட்டில் சொல்வாள்? குடும்ப மானம் என்று நாம் கட்டும் மதில், மகளை உள்ளே தனியாக நிறுத்திவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டப்படும் புனித மரிய கொரற்றியின் வரலாற்றையும் இந்நோக்கில் படிக்கலாம். 1902 ஜூலையில் 11 வயதுச் சிறுமியான அவரைக் குத்தியவன், அதே வீட்டில் குடியிருந்த 20 வயது அலெசாந்திரோ. தந்தை குடிப்பழக்கம் உடையவர். தாய் மனநோய் விடுதியில் இறந்தவர். அந்நாளுக்கு முன்பும் அவன் தொல்லை தந்திருந்தான். வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டியிருந்தான். சிறுமி தாயிடமும் சொல்லவில்லை. அவரது மனவுறுதியைப் போற்றும் நாம், அந்த மிரட்டல் அவரை எவ்வளவு தனிமைப்படுத்தியது என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளையிடம் தோன்றும் மாற்றங்களைக் கவனிப்போம். திடீரெனப் பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தோழியரை விட்டு விலகுதல், கைபேசி ஒலித்ததும் நடுங்குதல், காரணம் கூறாத காயம், உறக்கமின்மை ஆகியவை கேட்டறிய வேண்டிய அடையாளங்கள். பிள்ளை வாய் திறந்தால் முதலில் முழுவதையும் கேட்போம். "நீ ஏன் பழகினாய்?" என்ற கேள்வி அவ்வாயை மீண்டும் மூடிவிடும். "சொன்னது நல்லது, படிப்பு நிற்காது, நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்ற சொற்களே அப்போது மருந்து.

ஆண்மக்களைப் பெற்றோரின் கடமை இன்னும் பெரிது. 'வேண்டாம்' என்ற சொல்லைத் தோல்வியாகவும் அவமானமாகவும் கொள்ளாத மனத்தை மகனுக்குச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும். தங்கையின் மறுப்பை அவன் மதிக்கிறானா, தாயின் பேச்சைத் தந்தை மதிக்கிறாரா என்பதில் அப்பயிற்சி தொடங்குகிறது. பெண்களுக்கு எதிரான இல்லற வன்முறையை ஆண்மையின் வலிமையாகக் கருதலாகாது, அது கோழைத்தனமே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட குடும்ப மடலில் எடுத்துரைத்தார்.

சட்டமும் துணை நிற்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. ஒரு பெண் மறுத்தும் தொடர்ந்து பின்செல்வதும், அவளது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றமாகும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி உதவி எண்கள் உள்ளன. மிரட்டல் செய்திகளையும் படங்களையும் பதற்றத்தில் அழித்துவிடாமல் காவல்துறைக்குச் சான்றாக வைத்திருத்தல் நன்று.

இளைஞர் மன்றக் கூட்டத்திலும் மறைக்கல்வி வகுப்பிலும் இப்பொருளைத் தயக்கமின்றிப் பேச இடமளிப்போம். அதற்கு முன், இன்றிரவு உணவின்போது நம் இல்லத்தில் ஒரு வாக்குறுதி தருவோம்: "எது நடந்தாலும், யாரால் நடந்தாலும், முதலில் எங்களிடம் சொல், நாங்கள் உன்னைத் தண்டிக்க மாட்டோம்." அவ்வாக்கைக் காப்பாற்றும் வீட்டில், மிரட்டுபவனின் கைக்கு ஆயுதம் கிட்டாது.