காதோரம் வீக்கம்: பொன்னுக்கு வீங்கியா, கல்லா, கட்டியா?

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அத்திபெலே டோல்கேட் டிராஃபிக் பழகிப்போன விஷயம். பசியோடு அங்கே மாட்டிக்கொள்ளும்போது பிரியாணி வாசனை வந்தால் போதும், வாயில் எச்சில் ஊறிவிடும். அதே ஆளுக்கு ஆபீஸில் பிரசன்டேஷன் தொடங்கும்போது வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் காரணம் நரம்புகள்தான்.

சுரப்பிகள் எங்கே இருக்கின்றன?

பெரியவை மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட்தான் எல்லாவற்றிலும் பெரியது. தாடைக்கு அடியில் சப்மாண்டிபுலர், நாக்குக்கு அடியில் சப்லிங்குவல். உதடு, கன்னம், அண்ணத்தில் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகளும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கின்றன.

எந்த நரம்பு எதை இயக்குகிறது?

மூளையிலிருந்து வரும் 12 ஜோடி நரம்புகளில் 9-வது நரம்பு பரோடிட்டைச் சுரக்க வைக்கிறது. மற்ற இரண்டையும் இயக்குவது 7-வது நரம்பு, அதாவது முக நரம்பு. டென்ஷன் ஆனால் மூளை இந்தச் சிக்னல்களைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் வாய் வறள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. முக நரம்பு பரோடிட்டுக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஆனால் அந்தச் சுரப்பியை அது இயக்குவதில்லை. கண்ணை மூடுவது, சிரிப்பது போன்ற முக அசைவுகள்தான் அதன் வேலை. பரோடிட் கட்டியை அகற்றும்போது சர்ஜன்கள் இந்த நரம்பைக் காப்பாற்ற மெனக்கெடுவது இதனால்தான்.

எந்த வீக்கம் எதைச் சொல்கிறது?

காய்ச்சலோடு காதுக்கு முன்னால் வலித்து வீங்கினால் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். இது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வயது வந்த ஆண்களுக்கு விதைப்பையும் வீங்கலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா இரண்டிலும் தொடங்கிய எம்.ஆர். தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது எம்.எம்.ஆர். தடுப்பூசி. நீங்கள் அதைப் போட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சாப்பிடும்போது மட்டும் தாடைக்கு அடியில் வீங்கி, பிறகு வடிந்தால் கல்லாக இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் சுமார் 80% சப்மாண்டிபுலரில்தான் உருவாகின்றன. அதன் குழாய் நீளமானது, மேல்நோக்கி ஏறுவது. அதில் வரும் உமிழ்நீரும் கெட்டியானது.

வலியே இல்லாமல், வாரக்கணக்கில் கரையாமல் ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்தால்? பரோடிட் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் காட்டிவிடுவதே நல்லது. கட்டியோடு அந்தப் பக்கக் கண் மூடாமலோ, வாய் கோணியோ போனால் கட்டி முக நரம்பைத் தாக்கியிருக்கலாம். வலிதான் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.