தவளையின் தோலும் இருதயமும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் கரக்பூரில் நாம் வாழும் ரயில்வே குடியிருப்பில் இரவில் உறங்குவது அரிது. வண்டிகளின் ஓசை நமக்குப் பழகிவிட்டது. தவளைகளின் ஓசை பழகவில்லை. சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, கொல்லைப்புறச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகத் தூவிவிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் ஐந்து தவளைகள் மல்லாந்து கிடந்தன. "பவுடரைத் தின்னாமலே எப்படியப்பா செத்துப் போயிற்று?" என்று நம் மகள் கேட்டாள். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய நமக்கு விடை தெரியவில்லை. அண்டை வீட்டுக் கல்லூரி மாணவரிடம் விலங்கியல் நூலொன்றை இரவல் வாங்கினோம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நம் வீட்டில் அது தோலால் கெட்டது.

தவளைக்கு நுரையீரல்கள் இரண்டு உண்டு. ஆனால் நம்மைப் போல் மார்பை விரித்துக் காற்றை இழுக்க அதற்கு விலா எலும்புக் கூடு இல்லை, உதரவிதானமும் இல்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு, தொண்டையின் அடித்தளத்தைத் தாழ்த்தி, மூக்குத் துளைகளின் வழியே காற்றை வாய்க்குள் சேர்க்கிறது. பின்னர்த் துளைகளை அடைத்துத் தொண்டையை உயர்த்த, காற்று நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. கொல்லன் உலைத் துருத்தியின் வேலைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டை ஓயாமல் துடிப்பதன் காரணம் இதுவே.

இது பாதி மூச்சுத்தான். மறுபாதி தோலின் வழியே நடைபெறுகிறது. மெல்லிய தோலின் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. தோலில் உள்ள சுரப்பிகள் கசியும் வழுவழுப்பான நீர் அதனை ஈரமாக வைத்திருக்கிறது. அந்த ஈரத்தில் கரைந்து பிராணவாயு உட்புகுகிறது. கரியமிலவாயுவில் பெரும்பகுதி வெளியேறுகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதும் இல்லை. அடிவயிறும் தொடையும் ஈரத்தில் படிய அமர்ந்தால் தோலே நீரை உறிஞ்சிவிடும். இவ்வாறு எப்பொழுதும் திறந்திருக்கும் வாசலில் உப்பையோ, பினாயிலையோ, பூச்சிமருந்தையோ கொட்டினால் என்ன ஆகும்? நம் மகளுக்கு விடை கிடைத்துவிட்டது. நமக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

இருதயமும் விந்தையானதே. நமக்கு நான்கு அறைகள்; தவளைக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று, ஆக மூன்று. நுரையீரலிலிருந்து வரும் நல்ல இரத்தம் இடப்புற அறைக்கும், உடலெங்கும் சுற்றிவந்த இரத்தம் வலப்புற அறைக்கும் வருகின்றன. பின்னர் இரண்டும் கீழறை ஒன்றிலேயே இறங்குகின்றன. மேல்வண்டிப் பயணிகளும் கீழ்வண்டிப் பயணிகளும் ஒரே நடைமேடையில் இறங்குவதை ஒக்கும் இது! ஆயினும் அவை முழுதும் கலந்துவிடுவதில்லை. கீழறையின் உட்புற மடிப்புகளும், வெளிச்செல்லும் குழாயிலுள்ள சுருள் அடைப்பானும் ஓரளவு பிரித்தனுப்புகின்றன.

உடலைவிட்டு எடுத்து உப்புநீரில் இட்டாலும் இந்த இருதயம் சிறிது நேரம் துடிக்கும். 1921ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு தவளை இருதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இருதயத்தில் விட, அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்புகள் இரசாயனப் பொருள்களாலும் செய்தி அனுப்புகின்றன என்பது இதனால் புலனாயிற்று. 1936இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரைப்பை, ஈரல், கணையம் எல்லாம் ஏறக்குறைய நம்முடையவை போன்றவையே. நாக்கு மட்டும் முன்புறம் ஒட்டி, பின்புறம் விடுபட்டிருக்கிறது. இரையை விழுங்கும்போது கண்கள் உள்ளே அமிழ்ந்து அதைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. இதைக் கேட்டதிலிருந்து நம் மகள் ஒவ்வொரு கவளத்திற்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குகிறாள். அவள் தாயாருக்கு இதனால் நம்மீது சினம்.

இப்பொழுது சாக்கடையைத் தூய்மை செய்யும் நாளில் முதலில் தவளைகளைப் பிடித்து வாளியில் இட்டுக் குளத்தில் விட்டுவருகிறோம். கையைச் சோப்புப் போகக் கழுவி நனைத்துக்கொண்டுதான் தொடுகிறோம்.