வீடு யாருடைய பெயரில்?

மனித உரிமை, பால்நிலைச் சமத்துவம், உலக ஆளுகை என்று கருத்தரங்குகளில் பேசப்படும்போது பின்வரிசையில் இருக்கும் பெண்கள் கொட்டாவி விடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகள் சபை நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் இருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் நமது கிழக்கில் அந்தப் பெரிய சொற்கள் ஒரு காலத்தில் பெண்களின் வளவு வேலி வரைக்கும் வந்தன. வந்தும் உள்ளே நுழையாமல் நின்றுவிட்டன. அது ஏன் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வாழும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு மாவட்ட வாசகியருக்காகச் சொல்கிறேன். இங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்திலும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் வீடொன்றைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அக்கா தங்கைமார் ஒரே வளவில், அல்லது அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். குடி என்பதும் தாய்வழியாகவே வருகிறது. முன்னர் இதற்கு முக்குவர் சட்டம் என்று தனிச் சட்டமே இருந்தது. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. ஆனால் சட்டம் போனதே தவிர வழக்கம் போகவில்லை.

இதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தகப்பன் மூன்று வீடு கட்ட வேண்டும். தம்பிக்கு மேல் தம்பியாக உழைத்து அக்காமாருக்குக் கல்லும் சீமெந்தும் சேர்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டைக் கட்டி முடிப்பதற்கென்றே குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்ணாகப் போனவர்கள் எத்தனை பேர்! சீதனம் சீதனம்தான். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. கணவன் குடித்துவிட்டு அடித்தால் "நீ வெளியே போ" என்று சொல்லும் உரிமை இங்கு மனைவிக்கு இருந்தது. வீடு அவளுடையது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். நாவலடி, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரமெங்கும் வீடுகளோடு அலுமாரியும், அலுமாரிக்குள் இருந்த உறுதிகளும் போயின. அடுத்த மாதமே உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பானிய வங்கி ஆகிய மூன்றும் சேர்ந்து சேத மதிப்பீடு செய்தன. 2005 மே மாதம் கண்டியில் நடந்த மாநாட்டில் ஏறத்தாழ 300 கோடி டொலர் தருவதாக வெளிநாடுகள் வாக்களித்தன. கொழும்பில் அமைந்த புனரமைப்புச் செயலணியில் வர்த்தகப் பிரமுகர்களே நிறைந்திருந்தனர். கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது என்பது அந்த மேசைகளில் எவருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் நான் கல்முனைக்குத் தெற்கே ஒரு பாடசாலை முகாமில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எழுதத் தெரியாதவர்களும், கை நடுங்கியவர்களும் என்னிடம் வருவார்கள். படிவத்தின் முதல் கோடு "குடும்பத் தலைவரின் பெயர்." ஒரு அக்கா வந்து அமர்ந்தா. பெயரைக் கேட்டேன், தன் பெயரைச் சொன்னா. எழுதினேன். சற்று நேரத்தில் அதே படிவத்தோடு திரும்பி வந்தா. அலுவலர் ஏற்கவில்லையாம்.

"அவர்ட பேரப் போடட்டாம் புள்ள" என்றா.

"வளவு யாருடையது அக்கா?"

"எங்கட அம்மா எனக்குத் தந்த வளவு. அவர் கட்டின சாரத்தோட வந்தவர்தானே." சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இனி அவர்ட வீட்டுலதான் நான் இருக்கணும் போல."

அந்த அலுவலர் கெட்ட மனிதரல்ல. இரவு பகலாக வேலை செய்தவர். "புருஷன் உயிரோடு இருந்தால் அவர்தான் தலைவர், அதுதான் நடைமுறை" என்றார். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை, குடும்பத் தலைவர் ஆணாக இருக்க வேண்டும் என்று நமது நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது படிவங்களில் வாழும் ஒரு பழக்கம். வீடு முற்றாக அழிந்தவர்களுக்கு அரசு வழங்கிய 250,000 ரூபாவும், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சொல்லி உள்ளூரில் ஒதுக்கிய காணிகளும், அங்கே தொண்டு நிறுவனங்கள் கட்டிய வீடுகளும் பெரும்பாலும் அந்த ஒரு கோட்டின் வழியே ஆண்களின் பெயருக்குப் போயின.

மனைவியைக் கடலுக்குக் கொடுத்த ஆண்களின் கதை இன்னொன்று. புதிய வீடு கணவனின் பெயரில் வந்தது. வருடம் திரும்ப அவர் மறுமணம் செய்தார். இறந்தவளின் பெண்பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்ந்தார்கள். வழக்கப்படி தாயின் வளவு அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. ஆனால் தாயின் வளவு தடைவலயத்தில் மணலாகக் கிடந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில் சிற்றன்னை குடியிருந்தா. அந்தப் பெண்ணிலும் பிழை இல்லை.

இனி அந்த நியூயோர்க் கடதாசிக்கு வருவோம். பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை ஐ.நா. பொதுச்சபை 1979இல் ஏற்றது. சுருக்கமாக சீடோ என்பார்கள். இலங்கை 1981 ஒக்டோபரில், அதாவது சுனாமிக்கு 23 வருடங்களுக்கு முன்னரே, அதை ஏற்று உறுதிப்படுத்திவிட்டது. அதன் 16ஆம் உறுப்புரை சொத்தை வைத்திருக்கவும் நிர்வகிக்கவும் கைமாற்றவும் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே உரிமை என்கிறது. 14ஆம் உறுப்புரை இன்னும் நேரடியானது: காணி மறுசீரமைப்பிலும் மீள்குடியேற்றத்திலும் கிராமப்புறப் பெண்கள் சமமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. மீள்குடியேற்றம் என்ற சொல்லே அதில் இருக்கிறது சகோதரிகளே! பிறகு ஏன் பாடசாலை விறாந்தையில் அது வேலை செய்யவில்லை?

ஒரு காரணம் நமது அரசியலமைப்பு. அதன் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. நான்கு உறுப்புரை தள்ளி 16ஆம் உறுப்புரையோ, அதற்கு முன்பிருந்த சட்டங்கள், எழுதப்பட்டவையும் எழுதப்படாதவையும், அடிப்படை உரிமைகளுக்கு மாறாக இருந்தாலும் செல்லும் என்கிறது. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்குவது என்பது இதுதான். அவ்வாறு தப்பிப் பிழைத்த சட்டங்களில் ஒன்று 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரம் கொடுத்தது இதன் கீழ்தான். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது காணி யாருக்குப் போகும் என்ற அதன் அட்டவணையில் மகள்மாருக்கு முன் மகன்மார், சகோதரிகளுக்கு முன் சகோதரர்கள். நாட்டின் நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் அரச காணி என்பதை நினைத்தால் இந்த அட்டவணையின் பாரம் விளங்கும்.

மற்றக் காரணம், என் பார்வையில் பெரியது, பணம் கொடுத்தவர்கள் கேட்காதது. எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை மாதத்தில் என்று கேட்டார்கள். யாருடைய பெயரில் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருந்தால் நடந்திருக்கும். அதே கடல் அடித்த தமிழ்நாட்டில், புதிய வீடுகள் மனைவி, கணவன் இருவரின் பெயரிலும் வழங்கப்படும் என்று அந்த மாநில அரசு 2005இலேயே ஆணை விடுத்தது. அங்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடதாசியில் இரண்டு கோடுகள் இருந்தன.

இங்கும் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுக் குரல் எழுப்பின. ஜெனீவாவுக்கும் சொன்னார்கள். 2011இல் சீடோ குழு, குடும்பத் தலைவர் என்ற கருத்தை நிர்வாக நடைமுறையிலிருந்து ஒழிக்கும்படியும், அரச காணி வழங்கும்போது தம்பதியர் இருவருக்கும் கூட்டாக வழங்கும்படியும் இலங்கைக்குப் பரிந்துரைத்தது. நமது முகாம்களில் பெண்கள் பேசியது ஜெனீவா அறிக்கையில் ஒரு பந்தியாக வந்தது சிறிய காரியமல்ல. ஆயினும் ஒன்று எனக்கு நெருடுகிறது. கூட்டு உரிமை என்பது யாழ்ப்பாணத்திலோ தெற்கிலோ பெண்ணுக்கு ஏற்றம். கிழக்கில் முழு வளவும் வைத்திருந்தவளுக்கு அது பாதி. உலகத்துக்கெல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டை இங்கு இறுக்கமாக இருக்கிறது. அழிந்தது யாருடைய உறுதியோ அவருக்கே புதிய உறுதி என்று கேட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதில் மாற்றுக் கருத்துள்ள தோழியர் உண்டு. சீதனத்தையே ஒழிக்க வேண்டிய நாம் சீதன வீட்டுக்கு வக்காலத்து வாங்குவதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சீதனத்தை ஒழிப்பது ஒன்று. பெண்ணிடமிருந்த சொத்தைக் கணவனுக்கு மாற்றுவது வேறொன்று.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆண் முன்னுரிமையை நீக்கும் திருத்தம் ஒருவாறாக 2022இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 87 வருடம்! ஆனால் சட்டத்தைத் திருத்தியதால் ஏற்கனவே ஆணின் பெயரில் எழுதிய பத்திரம் மாறிவிடாது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். கடலடித்து வருடங்கள் கழிந்து உறுதியைக் கண்ணால் கண்ட பெண்ணுக்கு அந்த வாசலும் சாத்தியாகிவிட்டது.

2005இல் முகாமில் கைக்குழந்தைகளாக இருந்த பெண்பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. கலியாணப் பேச்சுகள் நடக்கின்றன; மாப்பிள்ளை வீட்டார் வழமைபோல வீடு கேட்கிறார்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி மகளுக்கு எழுத முடியாது. எனவே இதை வாசிக்கும் சகோதரிகள் வீட்டிலுள்ள பத்திரத்தை இன்றே எடுத்து, யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யாராவது எழுதப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், கணவர் உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பதியுங்கள். அம்மாவின் பழைய சீதன உறுதி கடலோடு போயிருந்தாலும், அது பதிவு செய்யப்பட்டதாயின் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைப் பெறலாம். நொத்தாரிசின் பெயரும் எழுதிய வருடமும் நினைவிருந்தால் தேடுவது இலகு.