ஆட்டோவின் பிரேக் பெடலும் ஓட்டுநரின் முழங்காலும்

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் அடிக்கடி சொல்வது வலது கால் வலி. முழங்காலில், கணுக்காலில், சிலருக்கு இடுப்பு வரை. நாற்பது வயதைத் தாண்டாதவர்கள்கூடத் தொழுகையில் இருப்பில் அமர முடியாமல் பள்ளிவாசலில் நாற்காலி தேடுகிறார்கள். "வயசாகுது, அவ்வளவுதான்" என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அப்படியானால் இடது கால் ஏன் வலிக்கவில்லை என்று கேட்டால் யோசிக்கிறார்கள். இரண்டு காலுக்கும் ஒரே வயதுதானே!

ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில். ஆக்ஸிலேட்டர் வலது கையில். காலுக்கு இருக்கும் ஒரே வேலை பிரேக். அதை முழுவதும் வலது கால்தான் சுமக்கிறது. நெரிசலான சாலையில் ஒரு நாளில் எத்தனை நூறு முறை மிதிக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. பெடல் நம் காலுக்குப் பொருந்தாத உயரத்தில் இருந்தால், அத்தனை முறையும் கால் தவறான கோணத்தில் வேலை செய்கிறது. இதைச் சரிசெய்யலாம். ஆனால் சரிசெய்கிறேன் என்று மெக்கானிக் ஷெட்டில் பெடலை ஏற்றி இறக்குவதில் உயிருக்கே ஆபத்தான ஒரு பிழை நடக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பெடல் எங்கே இருக்க வேண்டும் என்று பார்ப்போம். தினமும் போடும் அதே செருப்போடு, ஓட்டும்போது உட்காருவதுபோலவே உட்காருங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் பெடலில் பட வேண்டும். மிதிக்கும்போது கணுக்கால் மட்டும் அசைந்தால் போதும். மிதிப்பதற்கு ஒவ்வொரு முறையும் காலையே தரையிலிருந்து தூக்க வேண்டியிருந்தால் பெடல் உங்களுக்கு உயரம். தொடையின் மேற்பகுதியும் இடுப்பும் வலிப்பது அதனால்தான். விரல்களைக் கீழே நீட்டி எக்கி மிதிக்க வேண்டியிருந்தால் பெடல் தாழ்வு. அப்போது கெண்டைக்கால் இறுகும். முழுவதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். விறைப்பாக நீண்டுவிட்டால், அவசர பிரேக்கின் அதிர்ச்சியை மூட்டு நேராக வாங்கும்.

இந்தச் சோதனையில் பெடல் உயரமாகத் தெரிந்தால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். முதலில் சீட்டைப் பாருங்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்து குஷன் இரண்டு மூன்று விரல் அளவு அமுங்கிப்போயிருக்கும். பெடல் ஏறவில்லை, நீங்கள்தான் இறங்கியிருக்கிறீர்கள். புது ஸ்பாஞ்சு போட்டாலே பாதிப் பேருக்குக் கால் வலி குறையும் என்பது நம் எண்ணம். பக்கத்தில் ஒரு பயணியை உட்கார வைத்துக்கொண்டு, தான் பாதி சீட்டில் ஒருக்களித்து ஓட்டும் பழக்கமும் உண்டு. அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். அந்த நிலையில் இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் முறுக்கிக்கொண்டுதான் பிரேக்கை மிதிக்க முடியும். அந்தக் கூடுதல் பத்து இருபது ரூபாய் பிறகு மாத்திரைக்கே போகிறது.

"அண்ணே, பெடல் கீழ போயிருச்சு, கொஞ்சம் தூக்கி விடுங்க."

ஷெட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெடல் கீழே போவதற்குப் பல காரணங்கள் உண்டு. பெடல் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது, ஆனால் வெகுதூரம் மிதித்த பிறகுதான் பிரேக் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் பிரேக் ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கும். வைத்தியம் சக்கரத்தில்தான்: ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மிதிக்கும்போது பஞ்சுபோல அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தபின் மேலே வந்தால் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். ஏர் எடுக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் கப் போய்விட்டது. அந்த வண்டியில் அடுத்த சவாரி ஏற்றவே கூடாது.

இவை எதையும் பார்க்காமல், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடை நீளமாக்கிவிடுவது சிலருடைய வழக்கம். இரண்டு நிமிட வேலை. பெடல் உடனே 'கிண்'ணென்று மேலேயே பிடிக்கும். ஓட்டுநருக்கும் திருப்தி. பிழை என்று சொன்னது இதைத்தான்.

பெடலை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் சில மில்லிமீட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போகும், பிறகுதான் கடினமாகும். அந்தச் சும்மா அசைவைத்தான் 'ப்ளே' என்கிறார்கள். அது தேய்மானம் அல்ல, வேண்டுமென்றே வைத்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள், ஆயில் டப்பாவுக்குத் திரும்பிச் செல்ல ஊசித்துளை போன்ற ஒரு வழி இருக்கிறது. காலை எடுத்ததும் உள்ளே இருக்கும் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும். ப்ளே இல்லாமல் ராடை இறுக்கிவிட்டால் பிஸ்டன் முழுவதும் திரும்பாது. துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாததால் அது ஷூவைத் தள்ளுகிறது. ஷூ உரசுகிறது, இன்னும் சூடாகிறது, இன்னும் விரிகிறது. கடைசியில் யாரும் மிதிக்காமலேயே பிரேக் ஜாம் ஆகிவிடும்.

அதோடு முடிவதில்லை. புதிய டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த பழைய ஆயிலின் கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். உரசலின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுக்காக எந்நேரமும் பெடல் மேலேயே பாதத்தை வைத்துக்கொள்பவர்களும் இதே சூட்டைத்தான் உண்டாக்குகிறார்கள். மைலேஜும் குறையும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருப்பதால், நாம் உண்மையில் நிற்கப்போகும்போது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஆகவே பெடலின் உயரத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால், ஷூ, ஏர், ஆயில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்யுங்கள். உயரத்தை மாற்ற உங்கள் மாடலில் என்ன வசதி இருக்கிறது, ப்ளே எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். உயரம் எவ்வளவு மாறினாலும் ப்ளே கடைசியில் அந்த அளவிலேயே இருக்க வேண்டும். பெடல் மேல் மரக்கட்டை கட்டுவது, இரும்புப் பட்டையை வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம். கட்டை வழுக்கும், வெல்டிங் விட்டுப்போனால் எந்த நேரத்தில் விடும் என்று சொல்ல முடியாது. பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், மழைக்காலத்தில் அதுவே பெரிய உதவி. காலடியில் தண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். உருண்டு பெடலுக்கு அடியில் சிக்கினால் மிதிக்கவே முடியாது.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று ஒரே வண்டியை ஓட்டும் சகோதரர்கள் ஆளுக்கொரு முறை பெடலைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. பெடலைக் கையேட்டின் அளவிலேயே விட்டுவிட்டு, குள்ளமானவர் முதுகுக்குப் பின்னால் கெட்டியான ஒரு மெத்தை வைத்து முன்னால் தள்ளி உட்காரலாம். மெத்தை கெட்டியாக இருப்பது முக்கியம். தலையணைபோல் அமுங்கினால், பிரேக்கை அழுத்தும்போது கால் முன்னே போவதற்குப் பதில் உடம்பு பின்னே போகும்.

வேலை முடிந்ததும் ஷெட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யச் சொல்லுங்கள். நியூட்ரலில் வைத்துச் சமதரையில் கையால் தள்ளினால் வண்டி எளிதாக நகர வேண்டும். பெடலைத் தொட்டதும் பிரேக் லைட் எரிந்து, விட்டதும் அணைய வேண்டும். உயரம் மாறும்போது அந்த சுவிட்சின் நிலையும் மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு ஆள் ஏற்றாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மூன்று டிரம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மூன்றுமே அனல் அடித்தால் ப்ளே போதவில்லை. வண்டியை அங்கேயே திருப்பி ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள்.